மூன்றாம் தண்ணீருக்கு முன்

போன மாதம் எனக்கு ஒரு படம் வந்தது. ஒரு சிறுவனின் முதுகு. நான் வேலை பார்த்த துணை சுகாதார நிலையத்தில் இப்போது இருக்கும் செவிலியர் பெண் அனுப்பியிருந்தாள். "அக்கா, அம்மை போட்டு ஏழு நாள் ஆச்சு. ஸ்கூலுக்கு அனுப்பலாமா? பாத்துச் சொல்லுங்க" என்று கீழே ஒரு வரி. ஓய்வு பெற்றுப் பல வருடமாகியும் என்னை நினைவு வைத்துக் கேட்கிறாளே என்று சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனாலும் பதில் அனுப்பவில்லை. நேராகப் போன் போட்டு, "ஏ புள்ள, முதுகைக் காட்டினா போதுமா? தலைமுடிக்குள்ள யார் பாப்பா?" என்று சத்தம் போட்டேன். அவள் சிரித்துவிட்டு, "நீங்க இப்படித்தான் சொல்வீகன்னு தெரியும்க்கா. உங்களுக்கு யாரு சொல்லிக் குடுத்தா, அதையாவது எழுதி வைங்க" என்றாள். அதனால்தான் எழுதுகிறேன்.

மதுரையில் பதினெட்டு மாதம் பயிற்சி எடுத்தேன். பிரசவம் பார்க்க, ஊசி போட, பதிவேடு எழுத அங்கே கற்றுக்கொண்டேன். நோய் வந்த பிள்ளையை எப்போது பள்ளிக்கூடத்துக்குத் திருப்பி அனுப்பலாம் என்று ஒருவரும் சொல்லித் தந்ததாக நினைவில்லை. அதைக் கற்றது ஆமத்தூருக்கும் சிவகாசிக்கும் நடுவே ஒரு கிராமத்தில், இரண்டாயிரத்துக்குப் பிந்தைய வருடங்களில். கற்றுத் தந்தவர் எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு மாற்றலாகி வந்த டாக்டர் மங்கையர்க்கரசி.

அவர் வருவதற்கு முன்னால் எங்களிடம் ஒரே கணக்குதான். அம்மையா, பதினைந்து நாள். பொன்னுக்கு வீங்கியா, பதினைந்து நாள். சிரங்கா, ஒரு மாதம் வராதே. கண்வலிக்குக் கறுப்புக் கண்ணாடி போட்டால் போதும் என்று அனுப்பிவிடுவார்கள். தலைமையாசிரியர்களுக்கு இது வசதி. எனக்கும் வசதிதான், பொய் சொல்லக் கூடாது. பதினைந்து என்று சொல்லிவிட்டால் போய்ப் பார்க்க வேண்டிய வேலை மிச்சம்.

டாக்டரம்மா வந்த முதல் மாதக் கூட்டத்திலேயே இதைக் கேட்டுவிட்டு, "பதினைந்து நாள் அந்தப் பிள்ளை வீட்ல என்ன செய்யும் சிஸ்டர்?" என்றார். "பெட்டி ஒட்டும் மேடம்" என்றேன். எங்கள் பக்கத்தில் அது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அப்பனும் ஆத்தாளும் பட்டாசு ஆபீஸுக்கோ தீப்பெட்டி ஆபீஸுக்கோ போயிருப்பார்கள். தொழிற்சாலையை ஊரில் ஆபீஸ் என்றுதான் சொல்வார்கள். வீட்டில் அட்டையும் பசையும் இருக்கும். உடம்பு தேறிய பிள்ளை சும்மா இருக்குமா? ஐந்து நாளில் தேறிவிட்ட பிள்ளை மீதிப் பத்து நாள் பெட்டி ஒட்டிப் பழகினால், பதினாறாவது நாள் அதைப் பையைத் தூக்க வைப்பது பெரும்பாடு. அப்படியே நின்றுபோன பிள்ளைகளை எனக்குப் பெயர் சொல்லத் தெரியும்.

"அப்ப, சீக்கிரம் அனுப்பினா அடுத்த பிள்ளைக்கு ஒட்டும். தாமதமா அனுப்பினா இந்தப் பிள்ளை போயிடும். ரெண்டும் நம்ம தலையிலதான்" என்றார் டாக்டரம்மா. குரலை உயர்த்தவே மாட்டார். மேசையில் பேனாவை நேராக வைத்துவிட்டுத்தான் பேசுவார். திட்டினாலும் பாராட்டினாலும் ஒரே சத்தம்தான். எது எது என்று கண்டுபிடிக்க எனக்கு ஆறு மாதம் ஆனது.

அம்மை பார்க்க அவர் சொல்லித் தந்த முறையை இன்றைக்கும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டால் சொல்வேன். வீட்டுக்குள் வைத்துப் பார்க்கக் கூடாது, காலை வெளிச்சத்தில் வாசலுக்குக் கூட்டி வர வேண்டும். முகத்தையும் முதுகையும் கடைசியில் பார்க்கலாம், அங்கே எல்லோரும் பார்ப்பார்கள். முதலில் தலைமுடியைப் பிரித்துப் பிரித்துப் பார்க்க வேண்டும். அப்புறம் காதுக்குப் பின்னால், வாய்க்குள், அக்குள், தொடை இடுக்கு. ஈரக் கொப்புளம் மினுங்கும், காய்ந்தது மங்கிப் பொருக்குத் தட்டியிருக்கும். நேற்றிலிருந்து புதிதாக ஒன்றும் வந்திருக்கக் கூடாது. இருப்பது எல்லாம் பொருக்காகியிருக்க வேண்டும். பொருக்கு உதிரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. "நாளை எண்ணாதீங்க சிஸ்டர், கொப்புளத்தை எண்ணுங்க" என்பார். பிள்ளையைத் தொடுவதற்கு முன்னால் இரண்டு உள்ளங்கையையும் தேய்த்துச் சூடாக்கிக்கொள்வார். அதைப் பார்த்து நானும் பழகிக்கொண்டேன்.

ஆனால் ஊரில் அம்மை என்பது நோய் இல்லையே, அம்மா வந்திருக்கிறாள் அல்லவா. வாசல் நிலையில் வேப்பிலை செருகிவிடுவார்கள். வீட்டில் தாளிதம் கிடையாது. வெளியாள் உள்ளே வரக் கூடாது. இறங்கும்போது ஒன்று விட்டு ஒரு நாள் மூன்று தடவை தலைக்குத் தண்ணீர் ஊற்றுவார்கள். மூன்றாம் தண்ணீர் ஊற்றியாயிற்று என்றால் அம்மா போய்விட்டாள், பிள்ளை எங்கே வேண்டுமானாலும் போகலாம். நான் தேவாலயத்துக்குப் போகிறவள். இந்த வேப்பிலையையெல்லாம் பார்த்தால் எனக்கு ஒரு இளக்காரம் உண்டு. டாக்டரம்மாவிடம் அப்படி ஏதோ சொல்லப்போய், "அவங்களும் பத்து நாள் பிள்ளையைத் தனியாத்தானே வைக்கிறாங்க? நாம சொல்லி யாராவது வைப்பாங்களா?" என்று கேட்டு என் வாயை அடைத்துவிட்டார்.

அதோடு விடவில்லை. மாரியம்மன் கோயில் பூசாரியையும் பிள்ளைகளுக்குத் தண்ணீர் ஊற்றும் நாலைந்து பெண்களையும் நேரில் போய்ப் பார்த்தார். நான் கூடவே நின்றேன். "மூணாந்தண்ணி ஊத்துற அன்னைக்குக் காலையில, ஊத்துறதுக்கு முன்னாடி எங்க சிஸ்டரைக் கூப்பிடுங்க. அவங்க பார்த்துட்டு சரின்னதும் ஊத்துங்க. உங்க வழக்கம் உங்க வழக்கமாவே இருக்கட்டும்" என்றார். பூசாரி, "நர்சம்மா பாத்தா ஆத்தா கோவிச்சுக்கவா போறா? வரட்டும்" என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து எங்கள் ஊரில் மூன்றாம் தண்ணீருக்கு முன்னால் என் கண் பட வேண்டும் என்பது வழக்கமானது. நான் ஒரு சீட்டு எழுதிக் கொடுப்பேன். பள்ளிக்கூடத்தில் அதை வாங்கிக்கொண்டு பிள்ளையைச் சேர்த்துக்கொள்வார்கள். டாக்டரம்மா அடுத்த முறை பார்க்கும்போது சீட்டுப் புத்தகத்தில் மிஞ்சும் அடிக்கட்டையில் கையெழுத்துப் போடுவார். ஆரம்பத்தில் ஒவ்வொரு பிள்ளையையும் அவரே திரும்பப் பார்த்தார். மூன்று மாதம் போனதும், "இனிமே நீங்க பார்த்தா போதும்" என்று விட்டுவிட்டார். ஒரு பிள்ளையை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப் போனால் தாய்க்கு ஒரு நாள் வேலை போகும், அதற்காகத்தான். ஆனாலும் அன்றைக்கு எனக்குத் தலைகால் புரியவில்லை.

இனி என் தப்புக்கு வருகிறேன்.

மாரீஸ்வரி என்று ஒரு பெண், பத்தாம் வகுப்பு. தகப்பன் பட்டாசு ஆபீஸில் வெடிமருந்து செலுத்துகிறவர், தாய் குருவம்மாள் தீப்பெட்டி ஆபீஸில். அந்த வீட்டில் பத்தாம் வகுப்புவரை வந்த முதல் ஆள் மாரீஸ்வரிதான். பொதுத்தேர்வுக்கு எட்டு நாள் இருக்கும்போது, ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவளுக்கு அம்மை போட்டுவிட்டது. தேர்வு அடுத்த வாரம் திங்கட்கிழமை. தமிழ் முதல் தாள்.

தேர்வுக்காக வழக்கத்தைவிட முன்னாலேயே தொடங்கி, மூன்றாம் தண்ணீர் வெள்ளிக்கிழமை என்று சொல்லியிருந்தார்கள். அன்றைக்கு எனக்கு வேறொரு தெருவில் ஒரு கர்ப்பிணியைப் பார்க்க வேண்டியிருந்தது. நான் போய்ச் சேருவதற்குள் குருவம்மாள் தண்ணீர் ஊற்றி, மஞ்சளும் வேப்பிலையும் அரைத்து மகள் உடம்பெல்லாம் பூசி உட்கார வைத்துவிட்டாள்.

"ஏன் குருவம்மா, நான் வர்றதுக்குள்ள ஊத்திட்டீக?"

"கம்பெனி வண்டி வந்துரும் நர்சம்மா. அஞ்சு நாளா வேலைக்குப் போகல. வெள்ளி தவறினா ஞாயிறுதான் ஊத்தணும், அப்புறம் பிள்ளை என்னைக்குப் படிக்க? எல்லாம் காஞ்சிருச்சு, நீங்களே தொட்டுப் பாருங்க."

தொட்டுப் பார்த்தேன். எல்லாம் காய்ந்துதான் இருந்தது. கையில், கழுத்தில், முதுகில், விரல் பட்ட இடமெல்லாம் சொரசொரவென்று இருந்தது. தலைமுடியிலும் அரைத்த வேப்பிலை அப்பிக் கிடந்தது. மூன்றாம் தண்ணீர் ஊற்றிப் பூசியதை அன்றைக்கே கழுவச் சொன்னால் வீடே முகம் சுளிக்கும். மறுநாள் சனிக்கிழமை கணக்குக்குச் சிறப்பு வகுப்பு. "ரோஸ்லின் டீச்சர் முக்கியமான கணக்கெல்லாம் போட்டுக் காட்டுவாகக்கா" என்று மாரீஸ்வரி என் முகத்தையே பார்த்தாள். அந்தப் பெண் தேர்வு எழுத வேண்டும் என்று எனக்கும் அவ்வளவு ஆசை. சீட்டை எழுதிக் கொடுத்துவிட்டேன்.

நான் தொட்டது பொருக்கை இல்லை, காய்ந்த மஞ்சளை.

மறுநாள் பதினொரு மணிக்கு மாத்திரை கொடுக்கப் பள்ளிக்கூடம் போயிருந்தேன். இடைவேளை. குழாயடியில் மாரீஸ்வரி முகமும் கழுத்தும் கழுவிக்கொண்டு நின்றாள். மஞ்சள் கரைந்து வழிந்தது. காதுக்குப் பின்னால் மூன்று கொப்புளம் வெயிலில் மினுங்கியது. முடியைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே இன்னும் நாலைந்து. அவளைத் தனியாகச் சைக்கிள் நிறுத்துமிடத்தில் உட்கார வைத்துவிட்டு வகுப்பைப் பார்த்தேன். கரும்பலகைக்குப் பக்கத்தில் ரோஸ்லின் டீச்சர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார். ஐந்து மாதக் கர்ப்பம். அவருடைய கர்ப்பகால அட்டையை எழுதியவளே நான்தான்.

மாரீஸ்வரியை வீட்டில் விட்டுவிட்டுப் பஸ் பிடித்தேன். வழியெல்லாம் ஒரு பொய்யைத் தயார் செய்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். புதிதாக ராத்திரியில் வந்திருக்கும் என்று சொல்லிவிடலாம், யாருக்குத் தெரியப் போகிறது? டாக்டரம்மாவின் மேசை முன்னால் போய் நின்றதும் அது வாயில் வரவில்லை. "மேடம், மஞ்சள் பூசினப்புறம்தான் பார்த்தேன். கழுவச் சொல்லலை. தப்பு பண்ணிட்டேன்" என்றேன்.

பேனாவை நேராக வைத்தார். நான் கண்ணை மூடிக்கொள்ளாத குறைதான்.

"எத்தனை மணிக்கு உள்ளே போனா?"

"ஒன்பதரை மேடம்."

"எத்தனை மணிக்கு வெளியே கூட்டிட்டு வந்தீங்க?"

"பதினொண்ணு."

"அறையில யார் யார்?"

ஏன் செய்தாய், எப்படிச் செய்தாய் என்று ஒரு வார்த்தை இல்லை. சீட்டின் பின்பக்கத்தில் பெயர்களை எழுதிக்கொண்டே வந்தார். ரோஸ்லின் டீச்சர் பெயரைச் சொன்னதும் எழுதுவதை நிறுத்தினார். கர்ப்பிணிக்கு, அதுவும் முன்னால் அம்மை வந்திராதவர் என்றால், தாய்க்கும் சிசுவுக்கும் ஆபத்தாகலாம். எதிர்ப்பு சக்தி இருக்கிறதா என்று பார்க்க மதுரைக்கு ரத்தம் அனுப்ப வேண்டும், இல்லையென்றால் நாலு நாளைக்குள் அதற்கான தடுப்பு ஊசி தேட வேண்டும். "டீச்சருக்குச் சின்ன வயசுல வந்திருக்கா?" என்று கேட்டார். அட்டையில் அப்படி ஒரு கட்டம் இல்லை, நானும் கேட்டதில்லை. பள்ளிக்கூடத்துக்குப் போன் போட்டால் டீச்சருக்கே தெரியவில்லை. "எங்கம்மாவைத்தான் கேக்கணும் மேடம்" என்று சாத்தூரிலிருக்கும் தாயின் நம்பரைத் தந்தார்.

வெளி நோயாளிகள் வரிசையைப் பத்து நிமிடம் பொறுக்கச் சொல்லிவிட்டு டாக்டரம்மா சாத்தூருக்குப் போன் போட்டார். ஒலிபெருக்கியில் போட்டதால் எனக்கும் கேட்டது. அந்த அம்மா முதலில் பிடி கொடுக்கவில்லை. நாங்கள் அந்த மாதிரி எல்லாம் இல்லை, எங்கள் வீட்டில் ஜெபம்தான் என்றார்.

"பரவாயில்லைம்மா, நல்லா யோசிச்சு சொல்லுங்க. உங்க பேரப்பிள்ளைக்காகத்தான் கேக்கறேன்" என்றார் டாக்டரம்மா.

அந்த அம்மா குரலைத் தாழ்த்திச் சொன்னார், "அவ மூணாங்கிளாஸ் படிக்கையில வந்துச்சும்மா. நல்லா முத்து முத்தா உடம்பு பூராம். எங்க மாமியா விடல, வேப்பிலை போட்டு மூணு தண்ணி ஊத்துனோம். பங்குனி மாசம், செவ்வா, வியாழன், சனி. இம்புட்டும் ஞாவகம் இருக்கு. ஆனா பாஸ்டர்கிட்ட மட்டும் சொல்லிராதீக!"

டாக்டரம்மா சிரித்ததை அன்றைக்குத்தான் முதலில் பார்த்தேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. எங்கள் பதிவேட்டில் இல்லாதது அந்தத் தாயின் நினைவில் கிழமையோடு இருந்தது. நான் இளக்காரமாகப் பார்த்த மூன்று தண்ணீர்தான் அன்றைக்கு எங்களைக் காப்பாற்றியது. ஆனாலும் டீச்சரின் ரத்தத்தை மதுரைக்கு அனுப்பி உறுதி செய்துகொண்ட பிறகுதான் டாக்டரம்மா அவர் பெயரை அடித்தார். வகுப்பிலிருந்த மற்றப் பிள்ளைகள் வீடுகளுக்கு நான் மூன்று வாரம் நடந்தேன். இரண்டு பேருக்கு வந்தது. தேர்வெல்லாம் முடிந்த பிறகு வந்தது, நல்லபடியாகத் தேறினார்கள். ஆனாலும் அந்த இரண்டும் என் கணக்கில்தான்.

இனி மாரீஸ்வரி. தலைமையாசிரியர் பயந்துவிட்டார். அடுத்த தேர்வில் எழுதிக்கொள்ளட்டும், எத்தனை பிள்ளைகள் எழுதுகிற இடம் என்றார். அவரையும் குறை சொல்ல முடியாது. அதைக் குருவம்மாளிடம் நான்தான் போய்ச் சொன்னேன். அவள் கத்தவில்லை. "அதுவரைக்கும் வயசுக்கு வந்த பிள்ளைய வீட்ல சும்மா வச்சிருப்பாகளா நர்சம்மா? அவுக அப்பா நாளைக்கே வண்டியில ஏத்திவிட்ருவாரு. ஆபீஸுக்குப் போனவ திரும்பி வந்து பரீட்சை எழுதி நீங்க பாத்திருக்கீகளா?" என்று மட்டும் கேட்டாள். நான் பார்த்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை டாக்டரம்மா தன் விடுமுறையை விட்டுவிட்டுத் தலைமையாசிரியர் வீட்டுக்கே வந்தார். கையில் ஒரு கடிதம். மைதானத்துப் பக்கம் தனிக்கதவு உள்ள நூலக அறையைக் கேட்டார். அம்மை வந்து போன ஒரு கண்காணிப்பாளரை அங்கே போடச் சொன்னார். தலைமையாசிரியர், "விடைத்தாள் வழியா திருத்துறவங்களுக்கு ஒட்டாதா மேடம்?" என்றார். "கையைச் சோப்புப் போட்டுக் கழுவிட்டு எழுதுவா. தாளைத் தனி உறையில போட்டு வைங்க. அது திருத்தப் போறதுக்குள்ள பல நாள் ஆகிடும், தாளுக்கு அம்மை போடாது சார்" என்றார். அன்று முழுவதும் போனில் நின்று மேலே கேட்டு அனுமதி வாங்கினார். கடிதத்தை நான் எட்டிப் பார்த்தேன். முந்தைய சீட்டு தவறாகக் கொடுக்கப்பட்டது, அது எங்கள் நிலையத்தின் தவறு, மாணவியின் தவறு அன்று என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார். என் பெயர் எங்கேயும் இல்லை.

திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் அவரே காலையில் மாரீஸ்வரி வீட்டு வாசலுக்கு வந்து பார்த்தார். திங்கட்கிழமை தலையில் இரண்டு ஈரம். செவ்வாய்க்கிழமை ஒன்று. இரண்டு தமிழ்த் தாளையும் அவள் நூலக அறையில் எழுதினாள். வெளியே வந்ததும் மற்றப் பிள்ளைகள் கேள்வித்தாளை வைத்துக்கொண்டு கூடிக் கூடிப் பேசுவார்கள். இவள் மைதானத்து ஓரமாகவே நடந்து போவாள். "எல்லாரோடயும் என்னைக்கு உக்காருவேன்க்கா?" என்று தூரத்திலிருந்தே கேட்டாள். அதற்குப் பதில் சொல்லுகிற யோக்கியதை எனக்குப் போய்விட்டது என்று நினைத்தேன். சீட்டுப் புத்தகத்தை டாக்டரம்மாவிடம் திருப்பிக் கொடுக்க எடுத்தும் வைத்துவிட்டேன்.

வியாழக்கிழமை ஆங்கிலம். காலை ஒன்பது மணிக்கு டாக்டரம்மாவின் ஜீப் வந்து நின்றது. குருவம்மாள் மகளைக் குளிப்பாட்டி, ஒரு பொட்டு மஞ்சள் இல்லாமல் வாசலில் உட்கார வைத்திருந்தாள். நான் விலகி நின்றேன்.

டாக்டரம்மா இறங்கி வந்து இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார். "நீங்க பாருங்க சிஸ்டர்" என்றார்.

"மேடம், நீங்களே ஒரு தடவை..."

"நீங்க பாருங்க."

உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டேன். தலைமுடியைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தேன். காதுக்குப் பின்னால், வாய்க்குள், அக்குள். உள்ளே கூட்டிப் போய்த் திரைச்சீலையை இழுத்துவிட்டு மீதியையும் பார்த்தேன். வெளியே கூட்டி வந்து தலையை மறுபடியும் முதலிலிருந்து பார்த்தேன். எவ்வளவு நேரம் ஆனதோ தெரியாது, "பெல் அடிச்சிருவாகக்கா" என்று மாரீஸ்வரி கெஞ்சினாள். குருவம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"எல்லாம் காஞ்சிருச்சு மேடம். புதுசு ஒண்ணும் இல்லை. போகலாம்" என்றேன். சீட்டுப் புத்தகத்தை எடுத்து எழுதினேன்.

அவர் அந்தப் பெண்ணின் பக்கம் குனியவே இல்லை. ஒரு முடியைக்கூட விலக்கிப் பார்க்கவில்லை. என் கையிலிருந்து சீட்டுப் புத்தகத்தை வாங்கி, ஜீப்பின் மேல் வைத்து, நான் எழுதியதன் கீழே கையெழுத்துப் போட்டார்.

மாரீஸ்வரி சீட்டைப் பறிக்காத குறையாக வாங்கிக்கொண்டு ஓடினாள். நான் பின்னாலேயே பள்ளிக்கூடம்வரை போனேன். தேர்வு அறையில் இரண்டாவது வரிசையில் அவள் எண் சாக்பீஸால் எழுதிய இடம் இரண்டு தேர்வுகளாகக் காலியாகக் கிடந்தது. அவள் போய் அதில் உட்கார்ந்தாள். பக்கத்து இடத்துப் பெண் ஒரு நொடி தயங்கினாள், பிறகு தன் அளவுகோலை எடுத்து அவள் பக்கம் நகர்த்தி வைத்தாள்.